கோடையில் வரப்பைப் பாருங்கள்: நாயோடு நடந்த ஊரடங்கு நாட்கள்

அறுவடை முடிந்து, தரிசில் விதைத்த உளுந்தையும் பிடுங்கிவிட்டால் வயலில் நமக்கு வேலை இல்லை என்று நினைக்கிறோம். பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் வரப்புப் பக்கமே போகாத விவசாயிகள் காவிரி டெல்டாவில் நிறைய பேர். ஆவணியில் குறுவை கதிர் விடும்போது, ‘எலி வெட்டித் தள்ளுது, என்ன மருந்து வைக்கலாம்?’ என்று கேட்டு வருபவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். அந்த எலி ஆவணியில் எங்கிருந்தோ வந்ததல்ல. சித்திரையிலேயே உங்கள் வரப்பில் குடியிருந்தது.

இதை உழவியல் வகுப்பில் யாரும் படித்துவிடலாம். ஆனால், ஒரே வரப்பை ஐம்பது நாள் தொடர்ந்து காலையில் பார்க்கும் வாய்ப்பு எங்களைப் போன்றவர்களுக்கு எளிதில் அமைவதில்லை. இன்று ஒரு ஊர், நாளை ஒரு ஊர் என்று போய்க்கொண்டிருப்போம். எனக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்தது 2020 ஊரடங்கு. வரப்பில் எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டியது செவலை என்கிற நாட்டு நாய்.

2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. மறுநாளிலிருந்து நாடு முழுவதும் ஊரடங்கு. நான் அப்போது பாபநாசம் பக்கம் சொந்த ஊரில் இருந்தேன். பல ஊர்களில் எல்லையில் முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைத்திருந்தார்கள். டீக்கடை இல்லை, பேருந்து இல்லை. மார்ச் 27 அன்று மத்திய அரசு, வயலில் விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் செய்யும் வேலைகளுக்கு விலக்கு அளித்து உத்தரவு போட்ட பிறகுதான் ஆட்கள் பயமில்லாமல் வயலுக்கு வரத் தொடங்கினார்கள். அதற்குள் வாழைத்தாரும் பூவும் வாங்க ஆளில்லாமல் தோட்டத்திலேயே வீணானதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்புவேன். வாய்க்கால் கரையில் கிழக்கே போய், பம்புசெட்டைச் சுற்றி, பருத்தி, எள் வயல்களின் வரப்பு வழியாகத் திரும்பினால் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. செவலை முன்னால் போகும். பக்கத்து வயல்காரர், எனக்குப் பெரியப்பா முறை, முதல் நாளே கேட்டுவிட்டார்: “என்ன தம்பி, படிச்ச படிப்புக்கு நாய் மேய்க்கிறியா?”

நின்ற இடமெல்லாம் வளை

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒன்றைக் கவனித்தேன். செவலை எல்லா வளைகளிலும் நிற்பதில்லை. சில வளைகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போகும். சிலவற்றில் மூக்கை வைத்து, வாலை விறைத்து, முன்காலால் மண்ணைப் பறிக்கும். இழுத்தாலும் வராது.

எலி இருக்கும் வளையையும் விட்டுப்போன வளையையும் பிரித்தறியப் பழைய முறை ஒன்று உண்டு. மாலையில் கண்ணில் படும் வளை வாய்களை எல்லாம் ஈர மண்ணால் அடைத்துவிட வேண்டும். மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தால், உள்ளே எலி இருக்கும் வளை திறந்திருக்கும்; இல்லாதது அடைத்தபடியே கிடக்கும். திறந்த வளைக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டால் அடையாளம். இரண்டு மாலை இப்படி அடைத்துப் பார்த்தேன். அடைத்ததில் பாதிகூடத் திறக்கவில்லை. திறந்தவற்றில் பெரும்பாலானவை செவலை முந்தின நாள் காலையில் முகர்ந்து நின்றவை. நாய்க்கு மோப்பம் உண்டு என்பது புதிய செய்தி அல்ல. ஆனால், எலிக்குச் செலவழிக்கும் பணத்தில் பாதி காலி வளைகளுக்குப் போகிறது என்று சொன்னால் நீங்கள் கவனிப்பீர்கள் அல்லவா?

நாய் இல்லாதவர்கள் கண்ணால் பார்த்தே ஓரளவு சொல்லலாம். டெல்டா நெல் வயல்களில் அதிகத் தொல்லை தருவது பேண்டிகோட்டா பெங்காலென்சிஸ் என்னும் இனம். வீட்டுச் சாக்கடையில் ஓடும் பெருச்சாளிக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். இது இரவில் மண்ணைத் தள்ளி வெளியே குவிக்கும். பகலில் வாயைத் தானே மண்ணால் மூடிக்கொண்டு உள்ளே இருக்கும். அதனால் பளிச்சென்று திறந்து கிடக்கும் ஓட்டையைவிட, புதிதாகப் பொலபொலவென்று குவிந்த மண்ணும் அடைத்த வாயும்தான் சந்தேகத்துக்குரியவை. குவியல் காய்ந்து, மேலே சிலந்தி வலை பின்னியிருந்தால் அதை விட்டுவிடலாம். ஒரு வளைக்கு ஒரே வாய் என்றும் நினைக்க வேண்டாம். முன்வாசலில் நீங்கள் நிற்கும்போது, மண் மெலிதாக மூடிய பின்வாசல் ஒன்று வரப்பின் மறுபக்கம் இருக்கும்.

விடிந்த ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிடுங்கள். அப்போது குவியலில் ஈரம் இருக்கும். வெயில் ஏறினால் புது மண்ணும் பழைய மண்ணும் ஒரே நிறமாகிவிடும்.

சித்திரை ஏன்?

கோடையில் எலிகள் எண்ணிக்கையில் குறைவு. வயலில் தீனி இல்லை. இருக்கிற எலிகள் உளுந்து சிந்திய வயல், எள் வயல், வாய்க்கால் கரை, பம்புசெட் மேடு என்று சில இடங்களில் ஒதுங்கியிருக்கும். வயலில் பயிரும் தண்ணீரும் இல்லாததால் வளைகள் கண்ணுக்குத் தெரியும். தீனிக்கு அலையும் எலி, வைத்த இரையையும் எளிதில் எடுக்கும். கதிர் வந்த வயலில் நெல்லை விட்டுவிட்டு உங்கள் இரையை அது ஏன் தின்ன வேண்டும்?

இன்னொரு கணக்கு இருக்கிறது. இந்த எலிக்குச் சினைக்காலம் சுமார் மூன்று வாரம். ஒரு ஈற்றுக்கு ஆறு முதல் எட்டுக் குட்டிகள். மூன்று மாதத்தில் அந்தக் குட்டிகளே ஈனத் தொடங்கும். சித்திரை முதல் வாரத்திலிருந்து குறுவை கதிர் விடும் ஆவணி வரை நான்கு மாதம். எல்லாக் குட்டியும் பிழைப்பதில்லை. பாம்பு, ஆந்தை, பசி எல்லாம் இருக்கின்றன. அப்படியிருந்தும் சித்திரையில் பிடிக்கும் ஒரு பெண் எலி, ஆவணியில் பிடிக்கும் எத்தனை எலிக்குச் சமம் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். பம்புசெட் வைத்து முன்பட்டக் குறுவை போடுபவர்களுக்கு இந்த அவகாசமும் கிடையாது. நாற்றங்காலில் விதை முளைக்கும்போதே எலி வந்துவிடும்.

கிட்டி வைப்பவர்

எங்கள் ஊரில் தஞ்சாவூர் கிட்டி வைக்கத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். மூங்கிலை வளைத்து வில்போல் கட்டி, நடுவில் இரை வைத்து, எலி இழுத்ததும் கயிறு கழுத்தை இறுக்கும்படி செய்த பொறி அது. மாலையில் வைத்து விடியலில் எடுக்க வேண்டும். பிடித்த எலியை எண்ணித்தான் கூலி. எலி நடமாட்டம் உள்ள தடத்தில் வைப்பதில்தான் அவர் தொழில் நுணுக்கம் இருக்கிறது. அவர் செவலையை இரண்டு நாள் பார்த்துவிட்டு, “தம்பி, நாயக் கூட்டிக்கிட்டு சாயங்காலமும் ஒரு நடை வாங்க. அது காட்டுற எடத்துல வச்சா வீண் போவாது” என்றார். அதன்பின் மாலை நடையும் சேர்ந்துகொண்டது. அந்த வாரம் பெரியப்பா வயல் வரப்பில் வைத்த கிட்டிகளில் வெறுமனே கிடந்தவை சில மட்டுமே. நாய் மேய்க்கிறாயா என்று கேட்டவர், தன் வயலுக்கு எப்போது வருகிறாய் என்று கேட்க ஆரம்பித்தார்.

கிட்டியை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் பழம்பெருமை அல்ல. விஷம் தேவையில்லை, கடை திறந்திருக்க வேண்டியதில்லை, எத்தனை எலி போனது என்று எண்ணிப் பார்க்க முடியும். ஊரடங்கில் பூச்சிமருந்துக் கடைகள் சில மணி நேரமே திறந்த நாட்களில் இதன் அருமை தெரிந்தது.

வளையைத் தோண்டிப் பிடிப்பதும் உண்டு. தோண்டுவதானால் பின்வாசலை முதலில் கண்டுபிடித்து அடைத்துவிட்டு முன்வாசலில் கை வையுங்கள். தோண்டிய வரப்பை அன்றே கட்டிவிட வேண்டும். இல்லையென்றால், தண்ணீர் வரும் நாளில் அதே இடத்தில் மடை உடையும். தோண்டும்போது ஒரு எச்சரிக்கை: எலி வளையில் எலிதான் இருக்கும் என்பதில்லை. நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் எலியைத் தேடி அங்கேயே வரும். ஏப்ரல் நடுவில் ஒரு காலை செவலை வழக்கம்போல் முகர்ந்து பறிக்காமல், நான்கு அடி தள்ளி நின்று உறுமியது. குனிந்து பார்க்கப் போன எனக்கு, பிரஷர் குக்கரில் ஆவி வருவதுபோல் சீறல் கேட்டது. விரியன். நாய் உறுமினால் நீங்கள் பின்னால் வாருங்கள், அவ்வளவுதான். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, கயிறு கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல், விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவதுதான் சிகிச்சை.

விஷ இரை வைப்பவர்களுக்கு

கிட்டி வைக்க ஆள் கிடைக்காத ஊர்களில் விஷ இரை தவிர்க்க முடியாததாகிறது. துத்தநாக பாஸ்பைடு என்றால் உடைத்த அரிசி 96 பங்கு, சமையல் எண்ணெய் 2 பங்கு, மருந்து 2 பங்கு. ஆனால், எடுத்த எடுப்பில் இதை வைக்கக் கூடாது. முதல் இரண்டு மூன்று நாட்கள் மருந்து கலக்காத, எண்ணெய் பிசிறிய அரிசியை மட்டும் வைத்து எலியைப் பழக்க வேண்டும். அதன்பின் மருந்து கலந்ததை 10 கிராம் பொட்டலமாகக் கட்டி, எலி உள்ள வளைக்குள் ஆழமாகத் தள்ளி வாயை மூடுங்கள். பழக்காமல் வைத்தால் எலி கொஞ்சம் கடித்து, வயிறு கெட்டு, பிழைத்துக்கொள்ளும். பிழைத்த எலி அந்த இரையை மறுபடி தொடாது. அதனால் ஒரே பட்டத்தில் இதை இரண்டாம் முறை வைப்பதில் பயன் குறைவு. அப்போது புரோமடியலோன் கட்டிக்கு மாறுங்கள்.

வரப்பின் மேல் தூவி வைப்பவர்களிடம்தான் எனக்குச் சண்டை. துத்தநாக பாஸ்பைடு வயிற்றுக்குள் போனதும் பாஸ்பின் என்னும் நச்சுவாயுவாக மாறுகிறது. அதற்கு முறிவு மருந்து கிடையாது. நாய்க்கும் இல்லை, குழந்தைக்கும் இல்லை. இரை வைத்த நாட்களில் நாயைக் கட்டிப் போடுங்கள், பக்கத்து வயல்காரரிடம் சொல்லிவிடுங்கள், கோழியைத் திறந்துவிடாதீர்கள். கலக்கும்போது கையுறை போட்டு, காற்றுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். செத்த எலிகளைக் காலையில் பொறுக்கி ஆழமாகப் புதைத்துவிடுங்கள். புரோமடியலோன் தின்ற எலி மெதுவாகச் சாகும். அதை நாய் தின்றால் நாய்க்கும் உள்ளே ரத்தம் கசியும். இதற்கு மட்டும் கால்நடை மருத்துவரிடம் வைட்டமின் கே ஊசி இருக்கிறது. தாமதிக்காமல் போக வேண்டும்.

பனைமரத்துக் கூகை

வாய்க்கால் மேட்டில் உள்ள மொட்டைப் பனைக்கு அடியில் செவலை தினமும் எதையோ முகர்ந்துகொண்டிருந்தது. பார்த்தால் கட்டைவிரல் அளவுக்குக் கருத்த உருண்டைகள். உடைத்தால் மயிரும் எலும்பும், பல்லோடு கூடிய சின்ன மண்டையோடும். கூகை எலியை முழுதாக விழுங்கி, செரிக்காததை உருட்டி வெளியே கக்கிவிடும். காசு வாங்காத கிட்டிக்காரர் என்று இதைச் சொல்லலாம். அபசகுனம் என்று கூகையைக் கல்லால் அடித்து விரட்டும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை. அது உட்கார மரமில்லாத வயல்வெளியில், ‘டி’ வடிவில் கட்டிய ஆளுயரக் குச்சிகளை நட்டு வைத்தால் இரவில் வந்து உட்காரும். கதிர் முற்றும் காலத்தில் அந்தக் குச்சிகளைப் பிடுங்கிவிடுங்கள். பகலில் மற்ற பறவைகள் அதில் உட்கார்ந்து நெல்லைத் தின்னும்.

நாள்தோறும் ஒரே வழியில் நடப்பதால் எலி தவிர மற்றவையும் கண்ணில் படும். எள் வயலில் பூ பூவாக விரியாமல் பச்சை இலைக் கொத்தாக மாறிய செடி ஒன்று நேற்று இல்லை, இன்று இருக்கிறது என்றால், அன்றே பிடுங்கி எரித்துவிடலாம். தத்துப்பூச்சி பரப்பும் நோய் அது. பத்து நாள் கழித்துப் போனால் பிடுங்கி மாளாது. பருத்தி இலையின் அடிப்பக்கம், பம்புசெட் வாய்க்காலில் கசியும் இடம், பூத்து விதை விழப்போகிற பார்த்தீனியம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லலாம். அவற்றை இன்னொரு வாரம் எழுதுகிறேன்.

வரப்பு யாருடையது?

எலிக்கு வரப்பு எல்லை தெரியாது. உங்கள் வயலைச் சுத்தமாக வைத்தாலும் பக்கத்து வயல் தரிசாகக் கிடந்தால் இரண்டு வாரத்தில் அங்கிருந்து குடிவரும். எங்கள் ஊரில் பெரிய சிக்கல் வாய்க்கால் கரைதான். அது யாருக்கும் சொந்தமில்லை. அதனால் யாரும் வெட்டுவதில்லை. நாணலும் கோரையும் மண்டி, அதன் அடியில்தான் செவலை அதிக நேரம் நின்றது. அடுத்து, சென்னையில் குடியிருப்பவர்களின் நிலம். குத்தகைக்காரர் நெல்லுக்கு மட்டும் வருவார்; கோடையில் அந்த வரப்பைக் கேட்க ஆளில்லை.

2020 சித்திரையில் எங்களுக்கு வாய்ப்பாக அமைந்தது, திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பிள்ளைகள் ஊருக்குத் திரும்பியிருந்தது. வேலை இல்லாமல் வீட்டில் கிடந்தவர்கள். முகக்கவசம் கட்டி, ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு, ஒரு வாரம் காலையில் வாய்க்கால் கரையைச் சீவினார்கள். மண்வெட்டி ஏறியதும் வளைகள் எல்லாம் வெளியே தெரிந்தன. கிட்டிக்காரருக்கு அப்போது இரண்டு உதவியாளர்கள் சேர்ந்தார்கள். இருவரும் பின்னலாடைத் தொழிலாளிகள். கயிற்று முடிச்சு போடுவதில் கை சுறுசுறுப்பு. இப்படி ஒரே வாய்க்காலில் பாயும் வயல்கள் அனைத்தும் ஒரே வாரத்தில் இறங்கினால்தான் பலன். விரிவாக்கப் பணியாளர்கள் தனித்தனி விவசாயிக்கு எலி மருந்து எழுதித் தருவதைவிட, வாய்க்கால்வாரியாக ஒரு தேதி குறித்துக் கொடுப்பது மேல்.

வரப்பின் அளவையும் பாருங்கள். ஒன்றரை அடி அகலம், ஒரு அடி உயரத்துக்கு மேல் போனால் அது எலிக்குக் கட்டிக்கொடுத்த வீடு. நம் முன்னோர் ஒவ்வொரு பட்டத்துக்கும் வரப்பைச் சீவி அண்டை வெட்டியது களைக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். இப்போது டிராக்டர் ஓட்டத்தில் அண்டை வெட்டுவது குறைந்து, வரப்பு ஆண்டுக்கு ஆண்டு பருத்துக்கொண்டே போகிறது. கோடை மழை பெய்த ஈரத்தில் உழும்போதே வரப்போர மண்ணையும் ஆள் வைத்துச் சீவிவிட்டால் கூலி கட்டும்.

நாயை அழைத்துப் போகிறவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை மூன்று மாதக் குட்டியில் போட்டு, பிறகு ஆண்டுதோறும் போடுங்கள். எலியின் சிறுநீர் வழியாகப் பரவும் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நமக்கும் வரும். நாய்க்கு அதற்கும் தடுப்பூசி இருக்கிறது. உங்கள் காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் வளை உள்ள சேற்றில் வெறுங்காலுடன் இறங்காதீர்கள். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால், வயலில் எலி இருப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த ஆண்டு எந்தக் காய்ச்சலையும் கொரோனாவாகவே நினைத்துப் பயந்தோம். வெயில் ஏறுமுன் நாயை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியாத தார்ச்சாலையில் அதன் பாதமும் வெந்துபோகும். திரும்பியதும் காதிலும் விரலிடுக்கிலும் உண்ணி பார்க்க வேண்டும்.

அந்த ஆண்டு ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தது. குறித்த நாளில் திறந்தது எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அதுதான் முதல் முறை. எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது சீவிய கரை ஓரிடத்திலும் உடையவில்லை. ஆவணியில் பெரியப்பா வயலில் எலி வெட்டே இல்லை என்று சொல்ல மாட்டேன். வடக்கு மூலையில், சென்னைக்காரர் நிலத்தை ஒட்டிய வரப்போரம் இரண்டு பாத்தி அளவுக்கு வெட்டியிருந்தது. மற்ற மூன்று பக்கமும் கதிர் நின்றது.

இந்த ஆண்டும் உளுந்து பிடுங்கி முடிந்திருக்கும். நாளை மாலை ஒரு கூடை ஈர மண்ணோடு போய் வளைகளை அடைத்துவிட்டு வாருங்கள். கிட்டி வைப்பவர் உங்கள் பக்கத்தில் இருந்தால் இப்போதே சொல்லி வையுங்கள். சித்திரை பாதியைத் தாண்டினால் அவர் முன்பட்டக் குறுவைக்காரர்களின் நாற்றங்காலுக்குப் போய்விடுவார்.